ஆவணத் தொகையும் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியும்

முன்னுரை

கொடுப்பாரும் கொள்வாரும் தம்முள் செய்துகொண்ட உடன்பாட்டை எழுத்தில் நிறுத்துவது ஆவணம். ஆவணத்தின் பிற பகுதிகளில் நேரும் பிழை ஓரளவு பொறுக்கப்படலாம். தொகையில் நேரும் பிழை பொறுக்கப்படுவதில்லை. ஆதலின் தொகையை எண்குறியால் எழுதியதோடு அமையாது, சொல்லாலும் எழுதுதல் பல நாடுகளில் வழக்காயிற்று. காசோலையில் 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' என எழுதுவோர் இதனை ஆங்கில ஆட்சியோடு வந்த வழக்கம் என்றே பெரும்பாலும் கருதுகின்றனர். காசோலையும் அதற்குரிய சட்டமும் அங்ஙனம் வந்தனவே. ஆயின், தொகையை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லால் எழுதும் முறை அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழில் வேரூன்றியிருந்தது. அம்முறைக்குத் தமிழ் எண்ணுப்பெயர்களின் புணர்ச்சி இயல்பாகவே காவலாய் அமைந்தது. இலக்கண நூலார் ஆவணத்தைக் கருதி விதி வகுத்தார் என்பது நம் கருத்தன்று. மொழியில் அமைந்துகிடந்த இயல்பை அவர்கள் விளக்கினர். ஆவணம் எழுதியோர் அதன் பயனைக் கொண்டனர். இதனைக் கல்வெட்டு, இலக்கணம், பத்திர வழக்கு, சட்டம் என்பவற்றின் துணைகொண்டு காட்டுதலும், அக்காவல் இன்று நெகிழும் இடத்தைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. எண்குறியின் எளிமையும் இடரும்

எண்குறி சுருக்கமானது, கண்டவுடன் பொருள் தருவது, கணக்கிடுதற்கு ஏற்றது. அச்சுருக்கமே அதன் குறையும் ஆகும். தமிழ் எண்குறிகளை நோக்குக. பிற்காலக் கையெழுத்திலும் அச்சிலும் நான்கின் குறி (௪) சகரம் போல்வது. ஆறின் குறி (௬) சுகரம் போல்வது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு கீழே வளையும் ஒரு கோடே. ஒன்றின் குறி (௧) ககரம் போல்வது. ஒன்பதின் குறி (௯) அதனொடு ஒரு சுழியை நீட்டியது போல்வது. ஆகவே ஒரே கீற்றினால் நான்கு கழஞ்சை ஆறு கழஞ்சாகவும், ஒரு காசை ஒன்பது காசாகவும் ஆக்குதல் கூடும்.

பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றிற்குத் தனிக்குறி அமைத்தெழுதிய பழைய முறைக்கு மற்றோர் இடரும் உண்டு. அம்முறையில் ௰ என்பது பத்து. அதன் முன் ௬ நின்றால் அறுபது. பின் ௬ நின்றால் பதினாறு. எனவே ௰ எனத் தனித்து நின்ற குறியின் முன்னோ பின்னோ ஒரு குறியைச் சேர்ப்பவன் தொகையை உயர்த்திவிடுகின்றான். இடமதிப்பு முறையும் இவ்விடரினின்று நீங்கியதன்று. 10 என்பதன் வலப்பக்கம் ஒரு சுழியிட்டால் நூறாகின்றது. இடப்பக்கம் 2 இட்டால் இருநூற்றுப் பத்தாகின்றது. சுருங்கக் கூறின், எண்குறிக்குத் தொடக்கம் இது, முடிவு இது எனக் காட்டும் உறுப்பு இல்லை. அதனைச் சொல்லே தரவல்லது. தமிழ்ச்சொல் அதனை எவ்வாறு தருகின்றது என்பதை இனிக் காண்போம்.

2. கல்வெட்டுக்களில் தொகை

தமிழ்க் கல்வெட்டுக்களில் எண்குறியும் எண்ணுப்பெயரும் ஆகிய இரண்டும் வழங்கின. அரசனது ஆட்சியாண்டு பலவிடங்களில் குறியால் எழுதப்பட்டு, 'ஆவது' என்னும் சொல்லொடு நிற்கின்றது. தொகைகளும் குறியால் எழுதப்பெற்ற இடங்கள் உள. ஆயினும் கொடையின் அளவையும் கடனின் அளவையும் சொல்லால் விரித்தெழுதும் வழக்கம் பெரிதும் காணப்படுகின்றது.

கோயிலில் நந்தா விளக்கு எரித்தற்கு ஆடு விடப்பட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுக்களில் பரவலாக வருவது. ஒரு விளக்கிற்குத் தொண்ணூறு ஆடோ தொண்ணூற்றாறு ஆடோ விடுதல் வழக்கம். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என வழங்கினர். இத்தகைய ஆவணங்களின் நடையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. பொருட்பெயர் முன்னும் எண்ணுப்பெயர் பின்னுமாக 'ஆடு தொண்ணூறு', 'காசு நூறு' என வருதல் ஒன்று. ஒருமுறை கூறிய தொகையை மீண்டும் சுட்டெழுத்துக் கொடுத்து 'இவ்வாடு', 'இக்காசு' எனக் கூறுதல் மற்றொன்று. அங்ஙனம் மீண்டும் கூறுங்கால் 'இவ்வாடு தொண்ணூறும்', 'இக்காசு நூறும்' என உம்மை கொடுத்து முடித்தல் மூன்றாவது. இதனால் ஒரே தொகை ஓர் ஆவணத்துள் இருமுறை சொல்லால் நிலைபெறுகின்றது. ஓரிடத்தைத் திரித்தவன் மற்றோரிடத்தையும் திரித்தல் வேண்டும்; ஒன்று மற்றொன்றிற்குச் சான்றாகின்றது.

முதல் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் இரண்டாம் தொகுதியில் ஹுல்ச் அவர்களால் பதிப்பிக்கப்பெற்றன. பொன்னின் நிறையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனவும், நெல்லின் அளவைக் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி எனவும் நுணுகி உரைக்கும் திறம் அவற்றில் விளங்குகின்றது. கழஞ்சொன்றிற்கு மஞ்சாடி இருபது. மஞ்சாடியொன்றிற்குக் குன்றி இரண்டு. ஊர்ச்சபைகள் கோயிற் பண்டாரத்திலிருந்து பெற்ற காசிற்குச் செலுத்திய பொலிசை, காசொன்றிற்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு எனக் குறிக்கப்படுகின்றது. இன்று நூற்றுக்குப் பன்னிரண்டரை என நாம் கணக்கிடும் வட்டி வீதத்தை 'அரைக்கால்' என்னும் ஒரே சொல் உணர்த்திற்று. பின்னத்திற்கும் தனிச்சொல் இருந்தமையால், முழுத்தொகையைப் போன்றே சிறுகூற்றையும் குறியின் துணையின்றிச் சொல்லால் நிறுத்துதல் இயன்றது.

3. இலக்கணம் காட்டும் மூன்று காவல்கள்

மேற்கண்ட நடைக்கூறுகளுக்கும் தொல்காப்பிய விதிகளுக்கும் உள்ள இயைபை இனி ஆராய்வோம்.

முதலாவது, பேரெண்ணின் ஈறு திரிதல். நூறு என்பது தனித்து நிற்குங்கால் நூறு. அதன்மேல் சிற்றெண் ஒன்று கூடுங்கால் நூற்று. எனவே நூற்றொன்று, நூற்றிருபது என்றாகும். ஆயிரம் என்பது தன்னொடு இயைந்த எண் வருங்கால் அத்துச்சாரியை பெற்று ஆயிரத்தொன்று என்றாகும் எனப் புள்ளிமயங்கியல் கூறும். குற்றியலுகரப் புணரியலின் பிற்பகுதி எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கென்றே விரிவாக அமைந்தது. நன்னூலார் இதனை உயிரீற்றுப் புணரியலுள் கூறுவர்.

இத்திரிபின் பயன் யாது? 'நூறு' என்னும் வடிவம் தொகை முடிந்தது என அறிவிக்கின்றது. 'நூற்று' என்னும் வடிவம் தொகை இன்னும் தொடர்கின்றது என அறிவிக்கின்றது. 'ஓராயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு' என்னும் தொடரில் இறுதிச்சொல் ஒழிந்த ஏனையவெல்லாம் திரிந்த வடிவில் நிற்கின்றன. ஆகவே 'காசு ஆயிரம்' என எழுதிய ஆவணத்தில் அதன்பின் 'ஐந்நூறு' எனச் சேர்த்தல் எளிதன்று. மகர ஈற்றை நீக்கி 'ஆயிரத்து' என மாற்றினாலன்றித் தொடர் தமிழாகாது. ஆங்கிலத்தில் நூற்றையும் ஆயிரத்தையும் குறிக்கும் சொற்கள், பின்னர் எண் வரினும் வாராதொழியினும் ஒரே வடிவினவாய் நிற்றலை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

திரியாது நின்ற எண்கள் அடுத்து வரின் பொருளே வேறாகும். 'பத்துப் பதினைந்து' என்றால் பத்தோ பதினைந்தோ என்பது பொருள். 'நூறு இருநூறு' என்றால் நூறோ இருநூறோ என்பது பொருள். கூட்டற்பொருளையும் ஐயப்பொருளையும் பிரித்துக் காட்டுவது அத்திரிபே.

இரண்டாவது, ஏகாரச் சாரியை. அளவுப்பெயர், நிறைப்பெயர், எண்ணுப்பெயர் ஆகியவற்றின்முன் அவ்வவற்றிற்கு உட்பட்ட சிறுகூறு வருங்கால் ஏ என்னும் சாரியை தோன்றும் எனத் தொகைமரபு கூறும். உரையாசிரியர்கள் காட்டும் கழஞ்சே குன்றி, காலே காணி முதலியன இதற்கு எடுத்துக்காட்டாம். அடுத்த நூற்பாவே 'அரை' என்னும் சொல் வருங்கால் இச்சாரியை பொருந்தாது என விலக்குகின்றது. இன்றும் நாம் ஒன்றேகால், ஒன்றேமுக்கால் எனக் கூறி, ஒன்றரை என்னுமிடத்தில் மட்டும் ஏகாரத்தை விடுத்தல் நோக்கத்தக்கது. எழுத்தறியாச் சந்தை வணிகரும் இவ்விதியினின்று வழுவுவதில்லை. நிலவளவையைக் கூறும் கல்வெட்டுக்களில் 'முக்காலே இரண்டு மா' என்றாற்போல வரும் அமைப்பும் இதுவே. முன்னது பேரளவு, பின்னது அதனுட்பட்ட சிற்றளவு, இரண்டும் கூட்டப்பெறுவன என்னும் மூன்று செய்திகளை ஓர் உயிரெழுத்து உணர்த்திவிடுகின்றது. 'ஒரு கால்' என்பதும் 'ஒன்றே கால்' என்பதும் எத்துணை வேறுபட்டன! முன்னதனினும் பின்னது ஐம்மடங்கு.

பிற்காலத்தில் பேரெண்ணாகப் பெருவழக்குற்ற கோடி என்னும் சொல்லும் இவ்விதிக்கு உட்பட்டது. 'ஒரு கோடியே இருபது இலட்சத்து ஐயாயிரம்' என இன்று எழுதுகின்றோம். இகர ஈற்றுக் கோடி ஏகாரம் பெற்றது. மகர ஈற்று இலட்சம் ஆயிரத்தைப் போன்றே அத்துப் பெற்றது. புதிய சொல்லும் பழைய விதியின்வழி நடத்தல் மொழியின் உயிர்ப்பைக் காட்டுவதாகும்.

மூன்றாவது, முற்றும்மை. இத்துணை என அறியப்பட்ட பொருள் வினையொடு முடியுங்கால் உம்மை வேண்டும் எனக் கிளவியாக்கம் விதிக்கின்றது. 'கண்ணிரண்டும் நொந்தன' என்பது போல்வன இதன்பாற்படும். 'இக்காசு நூறும் கொண்டோம்' என்னும் ஆவணத்தொடர் இவ்விதியின் நேரிய விளைவாகும். நூறு என்பது முழுமை; அதற்குக் குறைவும் இல்லை, மிகுதியும் இல்லை என்பதை உம்மை உணர்த்துகின்றது. கொடுப்பவன் குறைத்துக் கொடுத்தான் எனப் பின்னர்க் கூறுதற்கும், கொண்டவன் முழுதும் பெற்றிலேன் எனக் கூறுதற்கும் இவ்வும்மை இடந்தருவதில்லை.

இம்மூன்றொடு பொருட்பெயர் முன்னிற்றலையும் சேர்த்து நோக்கின் காவலின் அமைப்பு முழுமையாகப் புலனாகும். 'நூறு' என்பதன் முன் 'இரு' எனச் சேர்த்தால் இருநூறாகுமாதலின் இடப்பக்கம் காவல் வேண்டும். 'காசு' என்னும் பெயர் எண்ணை ஒட்டி முன்னே நின்று அவ்விடத்தை அடைக்கின்றது. வலப்பக்கத்தை ஈற்றின் வடிவும் உம்மையும் அடைக்கின்றன.

இக்காவல் எல்லா எண்களுக்கும் ஒருதன்மைத்து எனல் பொருந்தாது. 'ஒன்பது' என்பதை 'ஒன்பதாயிரம்' ஆக்குவோன் ஈற்றெழுத்தை மாற்றிப் பின்னே சிலவற்றைச் சேர்த்தால் போதும். அவ்விடத்தில் உம்மையும், தொகையை மீண்டும் கூறுதலுமே துணை. காவல்கள் ஒன்றல்ல, பல வேண்டப்பட்டமையின் காரணம் இதுவே.

4. ஓலையும் பத்திரமும்

கல்லில் வெட்டியதைத் திருத்துதல் அரிது. ஓலையின் நிலை வேறு. எழுத்தாணியாற் கீறிய எழுத்தை அழித்தல் இயலாதெனினும், புதிய கீற்றைச் சேர்த்தல் இயலும். மேலும் ஓலையில் புள்ளி இடுதல் அருகிய வழக்கு. அந்நிலையில் 'நூறு' என்பதற்கும் 'நூற்று' என்பதற்கும் உள்ள வேறுபாடு றகரம் ஒன்றின் மிகுதியே. ஆயினும் சொற்களை இடைவெளியின்றி ஒட்டி எழுதிய முறை புதிய எழுத்து நுழைதற்கு இடந்தரவில்லை. மூலவோலை, படியோலை என இரண்டு வைத்து ஒப்புநோக்கும் முறையும், பழைய கையெழுத்தோடு ஒத்துப்பார்க்கும் முறையும் தமிழ்நாட்டில் அறியப்பட்டிருந்தமைக்குப் பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் சான்றாகும்.

கும்பினியார் காலத்துச் சென்னை வட்டாரத்தில் வராகன், பணம், காசு என்பன வழங்கின. கும்பினிக் கணக்கின்படி வராகனொன்றிற்குப் பணம் 42. பணமொன்றிற்குக் காசு 80. தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் எண்பதில் ஒரு கூறு காணி ஆதலின், ஒரு காசு ஒரு பணத்தின் காணியாகப் பொருந்திற்று. 1818-இல் வெள்ளி ரூபாயே சென்னை மாகாணத்தின் நிலைநாணயம் ஆயிற்று. வராகன் மூன்றரை ரூபாயாக மதிக்கப்பட்டது. ரூபாய்க்கு அணா 16. பதினாறில் ஒரு கூறு மாகாணி அல்லது வீசம் ஆதலின், அணாவும் தமிழ் வாய்பாட்டொடு முரணவில்லை. இரண்டு அணா அரைக்கால் ரூபாய். நான்கு அணா கால் ரூபாய். நாணயம் மாறியபோதும் திண்ணைப்பள்ளியில் எண்சுவடி கற்ற கணக்கரின் சொற்கள் மாறவேண்டியிருக்கவில்லை.

இக்காலத்துக் கடன் பத்திரங்களிலும் கிரயப் பத்திரங்களிலும் வழங்கிவரும் நடை கல்வெட்டு நடையின் வழிவந்ததெனத் தோன்றுகின்றது. பெற்ற தொகை 'ரூபாய் ஐந்நூறு' என முதலிற் கூறப்படும். பின்னர் 'இந்த ரூபாய் ஐந்நூறும்' எனச் சுட்டும் உம்மையும் பெற்று மீண்டும் வரும். 'இக்காசு நூறும்' என்பதற்கும் 'இந்த ரூபாய் ஐந்நூறும்' என்பதற்கும் நாணயத்தின் பெயரும் சுட்டின் வடிவுமே வேறு. தொடரின் யாப்பு ஒன்றே. இயல்பான பேச்சில் 'ஐந்நூறு ரூபாய்' என்போரும் பத்திரத்தில் 'ரூபாய் ஐந்நூறு' என்றே எழுதுதல் கணக்கு நடையின் தொடர்ச்சியாம். காசோலையில் இறுதியில் வரும் 'மட்டும்' என்னும் சொல் ஆங்கில ஆவணத்தின் 'ஒன்லி' என்னும் சொல்லின் தொழிலைச் செய்வது. அத்தொழிலைத் தமிழில் முன்னரே முற்றும்மை செய்துவந்தது.

5. சட்டத்தின் நிலை

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் தன் 18-ஆம் பிரிவில், தொகை எண்ணால் ஒருவகையாகவும் சொல்லால் வேறுவகையாகவும் கூறப்படின் சொல்லால் கூறியதே கொள்ளப்படும் என விதித்தது. 1882-ஆம் ஆண்டின் ஆங்கில உண்டியற் சட்டத்திலும் இவ்விதி உளது. அதற்கு முன்னரே, 1839-இல் சாண்டர்சன் – பைப்பர் வழக்கில் இது முடிவு செய்யப்பட்டிருந்தது. அவ்வழக்கிற்குரிய உண்டியலின் ஓரத்தில் 245 பவுன் என எண்ணும், உள்ளே இருநூறு பவுன் எனச் சொல்லும் இருந்தன. மன்றம் சொல்லையே ஏற்றது.

சொல்லெழுதாது விடுவதால் விளையும் கேட்டை 1918-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த லண்டன் ஜாயிண்ட் ஸ்டாக் வங்கி – மக்மில்லன், ஆர்தர் வழக்கு நன்கு விளக்கும். ஒரு நிறுவனத்தின் எழுத்தர் 2 பவுனுக்கு எனக் காசோலையொன்றை நீட்டிக் கையொப்பம் பெற்றார். சொல்லெழுதும் இடம் வெறுமையாக இருந்தது. 2 என்னும் எண்ணின் இருமருங்கும் இடைவெளி இருந்தது. பின்னர் அவர் முன்னே 1 என்றும் பின்னே 0 என்றும் சேர்த்து 120 ஆக்கி, அதற்கேற்பச் சொல்லையும் எழுதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். இடைவெளி விட்ட வாடிக்கையாளரே இழப்பை ஏற்கவேண்டும் எனச் சபை முடிவு செய்தது. முன்னும் பின்னும் குறி சேரும் இடர் என முதற்பகுதியிற் கூறியது இங்கு ஒரே செயலில் நிகழ்ந்தமை காண்க.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, ஆவணத்தின் இன்றியமையாத கூற்றைத் தரப்பினரின் இசைவின்றித் திருத்தினால் அதன் பயனை விலக்குகின்றது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, இடைச்செருகலும் வெற்றிடமும் அடித்தலும் திருத்தலும் உள்ள பத்திரங்களில் எழுதிக்கொடுப்போரின் ஒப்பமில்லையாயின் பதிவு அலுவலர் அவற்றை ஏற்க மறுக்கலாம் என்கின்றது. இவை சட்டத்தின் காவல்கள். எண்ணும் சொல்லும் மாறுபடுங்கால் சொல்லே வெல்லும் என்றால், அச்சொல்லின் இலக்கணமே பொருளை உறுதி செய்யும் என்பது தானே போதரும்.

6. இன்றைய நெகிழ்ச்சி

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு புதிய காசுகளாகப் பகுக்கப்பட்டது. அன்று தொட்டு அணாவொடு இணைந்திருந்த பின்னச்சொற்கள் ஆவண வழக்கிலிருந்து நீங்கலாயின. கால் இருபத்தைந்து காசாகவும் அரை ஐம்பது காசாகவும் முக்கால் எழுபத்தைந்து காசாகவும் முழுமையாகப் பொருந்தின. அரைக்கால் பன்னிரண்டரைக் காசும், மாகாணி ஆறேகால் காசும் ஆயினமையின் அவை நாணயத்தில் இடமிழந்தன. 2011-இல் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாதவை ஆக்கப்பட்டன. பின்னச்சொற்கள் தேய்ந்தமை வரலாற்றின் போக்கு. அதற்கு வருந்திப் பயனில்லை.

முழு எண்ணின் புணர்ச்சி தேய்வதோ வேறு வகையினது. அது வழக்கில் உள்ள தொகையையே ஐயத்திற்கு உள்ளாக்கும். முந்நூறு என்பதை முன்னூறு எனவும், ஐந்நூறு என்பதை ஐநூறு எனவும் எழுதுதல் பெருவழக்காகிவிட்டது. நூற்று என்பதைப் பேச்சுவழக்கின்படி நூற்றி என எழுதுவாரும் உளர். இவை எழுத்து வழுக்களேனும் தொகையை மாற்றுவதில்லை. 'நூற்றி' என்பதிலும் தொகை தொடர்கின்றது என்னும் குறிப்புக் கெடவில்லை. 'நூறு இருபது', 'ஆயிரம் ஐந்நூறு' எனத் திரியாது எழுதுதலே காவலைக் குலைப்பது. அங்கு நூறு முடிந்ததா, தொடர்கின்றதா என்பதும், இருபது முன்பே இருந்ததா, பின்னர்ச் சேர்ந்ததா என்பதும் வடிவினால் விளங்கா.

இந்நாளில் இரசீதும் பட்டியலும் பத்திரமும் கணிப்பொறியால் ஆக்கப்படுகின்றன. எண்ணைத் தந்தால் சொல்லைத் தருமாறு அதற்குக் கற்பிக்கின்றனர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல்லை நேருக்குநேர் வைத்து அடுக்குமாறு கற்பித்தால் 'ஆயிரம் இருநூறு முப்பது நான்கு' என்னும் தொடரே பிறக்கும். பத்து முதலாக வரும் ஒவ்வொரு பேரெண்ணிற்கும் முடிவு வடிவம், தொடர் வடிவம் என இரண்டிரண்டு கொடுத்தல் வேண்டும். இருபது, இருபத்து, தொண்ணூறு, தொண்ணூற்று, நூறு, நூற்று, ஆயிரம், ஆயிரத்து, இலட்சம், இலட்சத்து, கோடி, கோடியே என்றாற்போல அட்டவணை அமையும். இவ்வட்டவணை புதிதாக ஆக்கவேண்டுவதன்று. குற்றியலுகரப் புணரியலும் தொகைமரபும் புள்ளிமயங்கியலும் அதனைத் தந்துள்ளன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தொகையைச் சொல்லால் எழுதி, மீண்டும் சுட்டிக் கூறி, உம்மையால் முடிக்கும் மரபு சோழர் காலக் கல்வெட்டுக்களிலேயே நன்கு அமைந்திருந்தது. அம்மரபின் உறுதிக்குப் பேரெண்ணின் ஈற்றுத்திரிபும், ஏகாரச் சாரியையும், முற்றும்மையும் அடிப்படையாயின. கும்பினி ஆட்சியிலும் பின்னரும் நாணயங்கள் மாறியபோது பத்திர நடை அவற்றை ஏற்றுத் தன் யாப்பைக் காத்துக்கொண்டது. சொல்லுக்கே முதன்மை தரும் இக்காலச் சட்டமும் அம்மரபொடு இயைந்து நிற்கின்றது.

காசோலையை வட்டார மொழியில் எழுதுதற்கு வங்கிகளில் இசைவு உண்டு. அவ்வுரிமையைத் தமிழில் செலுத்துவோர்க்கு எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நின்றுவிடலாகாது. அப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர் கல்வெட்டுத் தொடர் ஒன்றையும் கடன் பத்திரத் தொடர் ஒன்றையும் அருகருகே வைத்து விளக்குவாராயின், மாணவர் விதியையும் அதன் பயனையும் ஒருங்கே உணர்வர். எழுத்தர்க்கும் கணிப்பொறியாளர்க்கும் இவ்விதிகளை எளிய அட்டவணையாக வகுத்துத் தருதல் தமிழ்த்துறையினர் உடனடியாகச் செய்தற்குரிய பணியாகும்.